100-ல் 2 போனால் எத்தனை?

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து ஒரு காட்டை வெட்டிக்கொண்டிருந்தோம். வாயால்தான்.

பக்கத்து ஸீட் நண்பர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார். "100 ஏக்கர் காடு சார். ரோடு போட நடுவுல 2 ஏக்கர் கேக்கறாங்க. மீதி 98 ஏக்கர் அப்படியே இருக்கு. இதுக்குப் போயி இந்தக் கத்து கத்தறாங்களே, இவங்கள்லாம் கணக்குல ஃபெயிலா?"

நாலு பேர் வடையைக் கடித்தபடி தலையாட்டினார்கள். இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் ஒரு வடை தீர்வதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இந்தப் பக்கத்தில் சொல்கிறேன். கொஞ்சம் ஃப்ளோரிடா, பனாமா, பிரேஸில் எல்லாம் போய்வர வேண்டியிருக்கும். டிக்கெட் என் செலவு.

முதலில் திருவல்லிக்கேணி.

பாச்சலராக இருந்த காலத்தில் அங்கே ஒரு மேன்ஷனில் குப்பை கொட்டினேன். 40 ரூம். பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்துவோம்: இந்த மேன்ஷனில் மொத்தம் எத்தனை ஊர்க்காரர்கள்? ஆள் கணக்கு இல்லை, ஊர்க் கணக்கு. மதுரைக்காரர்கள் ஏழு பேர் இருந்தாலும் மதுரை ஒன்றுதான். திருநெல்வேலி, கும்பகோணம், தர்மபுரி, காரைக்குடி... எப்போது எண்ணினாலும் 18, 19, 20 இப்படித்தான் வரும். ஆனால் அதே ஊர்கள் இல்லை! போன தீபாவளிக்கு இருந்த தர்மபுரி இப்போது கிடையாது. இருந்த ஒரே தர்மபுரிக்காரர் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டார். பதிலுக்கு போடிநாயக்கனூர் வந்திருக்கிறது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மேன்ஷன் நிரம்ப நிரம்ப புது ஊர் வருவது குறையும். வருகிறவர் எட்டாவது மதுரைக்காரராக இருப்பதற்குத்தான் சான்ஸ் அதிகம். இரண்டு, ஊர்கள் கூடக்கூட ஒற்றை ஆளை நம்பி நிற்கிற ஊர்களும் கூடும். அந்த ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் ஊரே காலி. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. எங்கேயோ ஓர் இடத்தில் இரண்டும் சமமாகும். எங்கள் மேன்ஷனில் அது 19-ல்.

இதே மேன்ஷன் பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று பஸ் மாறிப் போகிற இடத்தில் இருந்தால்? வரவு குறையும். 40 ரூமுக்குப் பதில் 8 ரூம் என்றால்? ஓர் ஊருக்கு ஓர் ஆள்தான் இருப்பார், செலவு கூடும். இரண்டிலும் 19 கீழே இறங்கிவிடும்.

மேன்ஷனை எடுத்துவிட்டுத் தீவு என்று போடுங்கள். ஊருக்குப் பதில் உயிரினம். அவ்வளவுதான், நீங்கள் ஓர் உலகப் புகழ்பெற்ற தியரியைப் படித்து முடித்துவிட்டீர்கள்.

1963-ல் கட்டுரையாகவும் 1967-ல் புத்தகமாகவும் இதை எழுதியவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். ராபர்ட் மெக்கார்தர் கணக்குப் படித்துவிட்டுப் பறவைகளிடம் வந்தவர். எட்வர்ட் வில்ஸன் எறும்பு ஆசாமி. சின்ன வயதில் மீன் பிடிக்கும்போது தூண்டிலை வெடுக்கென்று இழுக்க, மீனின் முள் வலது கண்ணில் குத்திப் பார்வை போய்விட்டது. காதும் பிற்பாடு கொஞ்சம் மந்தம். தூரத்துப் பறவையைப் பார்க்கவும் முடியாது, அதன் குரலைக் கேட்கவும் முடியாது. சரி, கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடி, எறும்பைப் பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் உலகத்தின் நம்பர் ஒன் எறும்பு நிபுணர்.

இவர்களிடம் கைவசம் இருந்த உதாரணங்களில் பிரமாதமானது கிரகடோவா. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இருக்கிற எரிமலைத் தீவு. 1883 ஆகஸ்டில் வெடித்து, தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று. மிஞ்சிய துண்டில் சூடான சாம்பல் போர்வை. 9 மாதம் கழித்துப் போய்ப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது ஒரே ஒரு குட்டிச் சிலந்தி! அதன்பின் கடலைத் தாண்டி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1908-ல் எண்ணியபோது தரைப் பறவை 13 இனம். 1919-21-ல் 27. 1932-34-ல் மறுபடி எண்ணினார்கள். அதே 27. ஆனால் முந்தின லிஸ்டில் இருந்த 5 இனங்கள் காணோம், புதிதாக 5 வந்திருந்தன. தர்மபுரி அவுட், போடி இன்!

உதாரணம் சரி, நிரூபணம்? அதற்காக எரிமலை வெடிக்கும்வரை காத்திருக்க முடியுமா?

வில்ஸனுக்கு முதலில் புயல் ஞாபகம் வந்தது. ஃப்ளோரிடா பக்கம் புயல் அடித்துச் சின்னத் தீவுகளைத் துடைத்துவிட்டுப் போகும், பிறகு போய் எண்ணலாம். ஆனால் புயல் நம் சௌகரியத்துக்கு வருமா? அப்போது அவரிடம் டேனியல் ஸிம்பர்லாஃப் என்று ஒரு மாணவர். அவரும் கணக்குப் பட்டதாரிதான். குருவும் சிஷ்யனும் யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்த வழி: பூச்சி மருந்து கம்பெனிக்குப் போன் போடுவது.

நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஃப்ளோரிடாவின் தென்கோடியில் ஆழமில்லாத கடலில் திட்டுத் திட்டாகச் சின்னச் சின்னத் தீவுகள். தீவு என்றால் மண்கூடக் கிடையாது. நம்மூர் பிச்சாவரத்தில் படகில் போகும்போது காலை ஊன்றி நிற்கிற சுரபுன்னை மரம் பார்த்திருப்பீர்களே, அந்த ஜாதி மரங்கள் சேற்றில் கும்பலாக நிற்கும். அதுதான் தீவு. குறுக்களவு 11 மீட்டரிலிருந்து 18 மீட்டர். சுமாரான கல்யாண மண்டபத்துப் பந்தி ஹால் சைஸ். ஒன்று கரைக்கு 2 மீட்டர் பக்கத்தில், இன்னொன்று 500 மீட்டருக்கு மேல் தள்ளி, மற்றவை நடுவில். இங்கே புலி, யானை எல்லாம் கிடையாது. பூச்சி, சிலந்தி, எறும்பு, கரப்பான், இவைதான் குடிமக்கள். ஒரு தீவுக்கு 20 முதல் 50 இனம்.

முதலில் ஒவ்வொரு தீவிலும் இலை இலையாகப் புரட்டிச் சென்ஸஸ் எடுத்தார்கள். பிறகு 1966-ல் கம்பெனி ஆட்கள் வந்து மருந்து அடித்தார்கள். மேலே இருந்ததெல்லாம் செத்தது. மரத்தைத் துளைத்து உள்ளே குடியிருந்த வண்டுப் புழுக்கள் மட்டும் 'ஹாய்' என்றன. ஒன்று பிழைத்தாலும் கணக்கு கெட்டுவிடுமே! அதனால் அடுத்து நடந்ததுதான் கூத்து. கடலுக்கு நடுவில் சாரம் கட்டி, முழுத் தீவையும் கூடாரத் துணியால் மூடி, உள்ளே மீதைல் புரோமைடு புகையை விட்டார்கள். அமெரிக்காவில் வீட்டுக்குக் கரையான் வந்தால் வீட்டை மூடிச் செய்கிற அதே வைத்தியம். பூச்சி சாக வேண்டும், மரம் சாகக்கூடாது. அதற்கான டோஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே பரிசோதித்திருந்தார்கள். பகல் வெயிலில் கூடாரத்துக்குள் மரம் வெந்துவிடும் என்று வேலையை இரவுக்கு மாற்றினார்கள். நடுராத்திரி, நடுக்கடல், கூடாரத்துக்குள் ஒரு தீவு. தூரத்திலிருந்து பார்த்த மீனவர் யாராவது இருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

கூடாரத்தைப் பிரித்ததும் தீவுகள் பரிசுத்தம். ஸிம்பர்லாஃப் ஒரு வருஷத்துக்கு மேல் படகில் போய்ப் போய்ச் சேற்றில் கால் புதைய நின்று எண்ணினார். யார் யார் திரும்பி வருகிறார்கள்?

வந்தார்கள். ரெக்கை உள்ளவை பறந்தும், குட்டிச் சிலந்திகள் நூலை நீளமாக விட்டுக் காற்றில் மிதந்தும் வந்தன. சுமார் 8 மாதத்தில் ஒன்றைத் தவிர எல்லாத் தீவுகளிலும் பழைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த ஒன்று எது? 500 மீட்டர் தள்ளி இருந்த அண்ணன்தான். அங்கே ஆரம்பத்திலேயே இனங்கள் குறைச்சல், திரும்பி வந்ததும் ரொம்ப மெதுவாக. 2 மீட்டர் தள்ளி இருந்ததில் அப்போதும் இப்போதும் அதிகம். இன்னொன்றும் தெரிந்தது. எண்ணிக்கை பழையபடி, ஆசாமிகள் வேறு. முன்பு இருந்த இனங்களில் பாதிக்கு மேல் பல தீவுகளில் திரும்பவே இல்லை. அவற்றின் இடத்தில் வேறு யார் யாரோ.

தூரம் ஓகே. சைஸ்? பெரிய தீவில் இனங்கள் அதிகம் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். பரப்பளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் இனங்கள் ஏறக்குறைய பாதியாகும் என்று கரீபியன் தீவுகளின் பல்லி, தவளைகளை எண்ணிய டார்லிங்டன் 1957-லேயே எழுதியிருந்தார். ஆனால் எதிர்க்கட்சிக்காரர் கேட்பாரே: "பெரிய தீவில் மலை இருக்கும், ஆறு இருக்கும், விதவிதமான வசதி இருக்கும், அதனால்தான் அதிகம். சைஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. ஸிம்பர்லாஃப் மறுபடி அதே ஃப்ளோரிடாவுக்குப் போனார். இந்தத் தடவை ரம்பத்தோடு. ஒரே ஜாதி மரம் நிற்கிற தீவுகளை ஓரத்தில் வெட்டிச் சின்னதாக்கினார். வேறு எதையும் மாற்றவில்லை, பரப்பு மட்டும் குறைந்தது. இனங்களும் குறைந்தன. 1976-ல் பிரசுரித்தார்.

இப்போது நம் கேன்டீன் நண்பரிடம் வருவோம். 100 ஏக்கரில் 2 போனால் மிச்சம் 98 இல்லை. ரோடு நடுவில் போவதால் 49, 49 என்று இரண்டு தீவு! ரோட்டைத் தாண்ட முடியாத ஒரு ஜந்துவுக்கு இனி உலகம் 49 ஏக்கர். டார்லிங்டன் கணக்குப்படி பரப்பு பாதியானால் இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகும். இரண்டு துண்டிலும் போகும். போகிறவை பெரும்பாலும் ஒரே ஆசாமிகள்: நிறைய இடம் வேண்டுகிறவர்கள், கொஞ்சமாக இருக்கிறவர்கள். அதாவது, இங்கே போனால் அங்கே இருக்கிறது என்று சமாதானம் சொல்ல முடியாது.

"அது என்ன சார், ரோட்டைக்கூடத் தாண்டாத ஜந்து? பறவைக்கு ரெக்கை எதுக்கு இருக்கு?" என்று கேட்பீர்கள். அதற்குத்தான் பனாமா.

பனாமா கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றில் அணை கட்டியபோது காட்டுப் பள்ளத்தாக்கு ஏரியாயிற்று. ஒரு குன்றின் தலை மட்டும் மேலே நின்றது. 1914 வாக்கில் அது தீவு. பெயர் பாரோ கொலராடோ. சுமார் 1,500 ஹெக்டேர். 1923-லிருந்து பாதுகாக்கப்பட்ட இடம். வேட்டை கிடையாது, வெட்டு கிடையாது, விஞ்ஞானிகள் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு திரிவார்கள். காட்டுக்கு இதைவிட நல்ல கவனிப்பு கிடைக்காது. இருந்தும் 40-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கிருந்து மறைந்துவிட்டன.

அதில் ஒன்றின் கதை மட்டும் சொல்கிறேன். எறும்புப் பறவை என்று ஒரு கோஷ்டி. எறும்பைத் தின்னாது. அந்தக் காட்டில் படையெறும்பு என்று ஒன்று லட்சக்கணக்கில் தரையில் அணிவகுத்துப் போகும். அதைப் பார்த்துப் பூச்சியெல்லாம் அலறி அடித்துக்கொண்டு வெளியே ஓடிவரும். எறும்புப் பறவை முன்னால் உட்கார்ந்துகொண்டு ஓடிவருகிறவற்றை லபக். உழைப்பு எறும்புக்கு, சாப்பாடு இவருக்கு. (இந்த ரகம் ஆபீஸிலும் உண்டு.)

இந்தப் பிழைப்பில் ஒரு சிக்கல். படையெறும்புகள் சுமார் 15 நாள் தினமும் படையெடுத்து ஊர் மாற்றும், பிறகு சுமார் 20 நாள் ஒரே இடத்தில் கிடந்து அடைகாக்கும். அந்த 20 நாளில் படையெடுப்பு குறைந்துவிடும். அதாவது மாதத்தில் பாதிக்கு மேல் மெஸ் லீவு! நாமானால் என்ன செய்வோம்? இரண்டு மூன்று மெஸ்ஸில் அக்கவுன்ட் வைத்துக்கொள்வோம். எறும்புப் பறவையும் அதைத்தான் செய்கிறது. ஒரு மெஸ் மூடினால் அடுத்த எறும்புக் கூட்டத்துக்குப் போகும். ஒரு கூட்டத்துக்குச் சுமார் 30 ஹெக்டேர் வேண்டும். ஒரு ஜோடிப் பறவைக்கு இப்படிப் பல கூட்டங்கள் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், காட்டைச் சின்னதாக்கினால் முதலில் பட்டினி கிடக்கப்போவது யார் என்று. பாரோ கொலராடோவில் இருந்த எறும்புப் பறவைகளில் மிகப் பெரிய, புள்ளி போட்ட இனம் ஒன்று 1960-களில் வருஷா வருஷம் குறைந்து, பிறகு இல்லாமலே போனது.

பக்கத்துக் கரையிலிருந்து பறந்து வரக்கூடாதா? இதையும் சோதித்துப் பார்த்தார்கள். அதே ஏரியில் படகில் காட்டுப் பறவைகளைக் கொண்டுபோய், கரையிலிருந்து 100 மீட்டர், 200 மீட்டர் என்று தூரம் வைத்து விட்டார்கள். 2008-ல் அந்த முடிவுகள் வந்தன. சில இனங்கள் சிரமமில்லாமல் கரை சேர்ந்தன. சில இனங்களால் 100 மீட்டரே தாண்ட முடியவில்லை. பாதி வழியில் தண்ணீரில் விழுந்தன. (படகில் கூடவே போய்த் தூக்கிவிட்டார்கள், கவலை வேண்டாம்.) நிழலில் கிளைக்குக் கிளை தத்தியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை. 100 மீட்டர் வெட்டவெளி அவற்றுக்கு இந்து மகா சமுத்திரம்.

தண்ணீரே இல்லாமல் தீவு உண்டாக்க முடியும் என்பதற்கு பிரேஸில். அமேஸானில் மாடு மேய்க்க நிலம் வாங்குகிறவர்கள் பாதிக் காட்டை விட்டுவைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. தாமஸ் லவ்ஜாய் என்கிற விஞ்ஞானி, "எப்படியும் விடத்தானே போகிறீர்கள்? நான் சொல்கிற அளவில் சதுரம் சதுரமாக விடுங்களேன்" என்று கேட்டு 1979-ல் ஆரம்பித்தார். 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர், 100 ஹெக்டேர் என்று சதுரங்கள். சுற்றிலும் புல். 1-லும் 10-லும் எறும்புப் பறவைகள் சீக்கிரமே காலி. 100 ஹெக்டேர் சதுரங்களில் காட்டின் அடித்தட்டில் வாழும் பறவை இனங்களில் பாதி 15 வருஷத்துக்குள் போய்விடுகின்றன என்று 2003-ல் கணக்கு வந்தது. ஓரங்களில் வெயிலும் காற்றும் நுழைந்து ஈரம் காய்ந்து பெரிய மரங்கள் சாய்ந்தன. நண்பர் சொன்ன 100 ஏக்கர் இருக்கிறதே, அது சுமார் 40 ஹெக்டேர்தான்.

இதில் விஷமம் என்னவென்றால், வெட்டிய அன்றைக்கு எதுவும் ஆவதில்லை. ரோடு திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போது எல்லா இனமும் ஆஜர். போட்டோ எடுத்தால் காடு பச்சைப்பசேல். ஒற்றை ஆளை நம்பி நிற்கிற ஊர் மாதிரி, நாலைந்து ஜோடியாகச் சுருங்கிவிட்ட இனங்கள் உள்ளே காத்திருக்கும். ஒரு வருஷம் மழை பொய்க்கும், ஒரு வருஷம் பிறந்ததெல்லாம் ஆணாகப் போய்விடும். அப்போது போகும். அதற்குள் ரிப்பன் வெட்டியவர் இரண்டு இலாகா மாறியிருப்பார்.

இந்த வியாபாரத்தில் சண்டையும் உண்டு. சரணாலயம் வைப்பதென்றால் ஒரே பெரிசாக வைக்க வேண்டும், அதுதான் தீவுத் தியரி சொல்கிறது என்று 1975-ல் சிலர் சட்டம் பேசினார்கள். "அப்படியெல்லாம் எல்லா இடத்துக்கும் ஒரே ரூல் போட முடியாது. பல சின்ன இடங்கள் சேர்ந்து ஒரு பெரிசைவிட அதிக இனங்களைக் காப்பாற்றலாம்" என்று 1976-ல் எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? சாட்சாத் ஸிம்பர்லாஃப்! குருவோடு கூடாரம் கட்டிய அதே சிஷ்யர். எனக்கு அவர் பேரில் மரியாதை கூடியதே இதனால்தான். தான் நிரூபித்த தியரியை அடுத்தவர் இஷ்டத்துக்கு இழுப்பதை அவர் அனுமதிக்கவில்லை. ஆனாலும் எறும்புப் பறவைக்குச் சின்ன இடம் போதும் என்று அவரும் சொல்லவில்லை.

மெக்கார்தர் 42 வயதில், 1972-ல், புற்றுநோயால் போய்விட்டார். லவ்ஜாய் 2021 டிசம்பர் 25, வில்ஸன் மறுநாள் 26.

வெளியூர் உதாரணம் போதும் என்கிறவர்கள் பொள்ளாச்சியில் பஸ் ஏறி வால்பாறைக்குப் போகலாம். 1890-களிலிருந்து எஸ்டேட் போட்டுப் போட்டு, மழைக்காடு அங்கே சுமார் 40 துண்டுகளாக நிற்கிறது. நடுவில் தேயிலைக் கடல். அலைகூட இருக்கிறது, மலைச்சரிவில் பார்த்தால் தெரியும். இருவாச்சிக்குப் பிரச்னை குறைவு, பெரிய ரெக்கையை விசிறிக்கொண்டு எஸ்டேட்டுக்கு மேலே பறந்து அடுத்த காட்டுக்குப் போய்விடுகிறது. சிங்கவால் குரங்கு என்ன செய்யும்? மரத்தை விட்டு இறங்காமலே பிழைக்கத் தெரிந்த ஜாதி. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. புதுத்தோட்டம் என்கிற துண்டுக்காட்டில் இருக்கிற கூட்டத்துக்கு வேறு வழியில்லை. கீழே இறங்கி ரோட்டைத் தாண்ட ஆரம்பித்தது. வண்டியில் அடிபட்டுச் செத்தவை உண்டு.

இப்போது அங்கே ரோட்டுக்கு மேலே இந்தப் பக்கத்து மரத்திலிருந்து அந்தப் பக்கத்து மரத்துக்குத் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிக் கை காட்டுவதற்கு ஆட்களையும் வைத்தார்கள். இரண்டு மரத்துக்கும் நடுவில் ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் ஒன்றையொன்று தாண்டிப் போகிற அகலம்தான். குரங்குகள் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பாலத்தில் கடக்கின்றன.